ஜெபவீட்டு அரிசி டின்

இன்று காலையும் அப்படித்தான் ஆனது. குக்கரில் போட இரண்டு டம்ளர் அரிசி அளந்தேன். கை தானாகவே அதிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்துவிட்டது. எடுத்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் அடுப்பு முன்னால் நின்றேன். கள்ளக்குறிச்சிக்குக் குடிவந்து இத்தனை வருஷமாகியும் இந்தக் கைக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. கடைசியில் மூட்டையிலேயே போட்டேன். வண்டுக்காகப் போட்டிருந்த வேப்பிலையின் வாசம் விரலில் ஒட்டிக்கொண்டது.

அந்த வாசம் வந்தால் எனக்கு ஒரு டின்னின் நினைவு வரும். அங்கன்வாடி வேலை கிடைத்து, கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் நான் தனியாக வாடகைக்கு இருந்த காலம். பிள்ளைகளைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்க்கவேண்டும், குறைந்தால் நோட்டில் எழுதவேண்டும். இதற்குப்போய் ஊரே என்னை டீச்சர் என்றது. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

அங்கே கிறிஸ்தவர்கள் என்று ஒன்பது குடும்பங்கள். கரும்புக் கொல்லையின் ஓரத்தில் ஓடு போட்ட ஒரு ஜெபவீடு. மணி கிடையாது, மைக் கிடையாது. பாட்டைக்கூட மெதுவாகத்தான் பாடுவோம். பக்கத்தில் யாருக்கும் தொந்தரவு கூடாது, நம்மைப் பற்றி ஒரு பேச்சு எழக்கூடாது, இருக்கிற இடம் தெரியாமல் இருக்கவேண்டும். அதுதான் சாட்சியான வாழ்க்கை என்று நம்பினோம்.

பிடி அரிசி என்று ஒரு வழக்கம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கடவுளுக்கென்று தனியாக எடுத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து, வேப்பிலை போட்டுவைத்த எண்ணெய் டின் ஒன்றில் கொட்டவேண்டும். பொன்னி, ரேஷன் அரிசி, கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வருகிறவர்களின் சாமை, எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். பொங்கினால் பாதி குழையும், பாதி வேகாது. அதன் ருசியைப் பற்றி நானே கிண்டல் பண்ணியிருக்கிறேன். டின் ஜெபவீட்டின் பின்பக்கம், தாழ்வாரத்தில் இருக்கும். இல்லாதவர்கள் சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் போய் எடுத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் வேறு யாரும் அந்தப் பக்கம் போகமாட்டோம். தப்பித்தவறி போய்விட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிடவேண்டும். எடுப்பது யார் என்று பாஸ்டருக்குக்கூடத் தெரியாது.

என் பக்கத்து வீடு எஸ்தர் அக்கா. களையெடுக்கப் போகிறவள். புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போனவன் திரும்பவில்லை; ரேஷன் கார்டும் அவனோடு போய்விட்டது. இதையெல்லாம் அவள் சொல்லி நான் கேட்டதில்லை. தினமும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவள்தான் என்னைக் கேட்பாள்.

"இன்னா டீச்சர், சாப்ட்டீங்களா?"

"ஆச்சுக்கா. நீங்க?"

"நான் அப்பவே துன்னுட்டேன்."

ஐப்பசி மாதம். பத்து நாளாக அடைமழை, யாருக்கும் கொல்லை வேலை இல்லை. சனிக்கிழமை சாயங்காலம், ஜெபவீட்டில் மறந்துவைத்த குடையை எடுக்கப் போனேன். என் புத்திக்கு நேரம் உறைக்கவில்லை. பின்பக்கம் திரும்பினால், எஸ்தர் அக்கா டின்னிலிருந்து முந்தானையில் அரிசியை அள்ளிக்கொண்டு நிமிர்கிறாள். நேருக்கு நேர்.

முகத்தைத் திருப்பியிருக்கவேண்டும். ஆனால் நம் ஆட்களை எங்கே பார்த்தாலும் வாயில் வருகிற வார்த்தை வந்துவிட்டது.

"ஸ்தோத்திரம்க்கா."

ஸ்தோத்திரம் என்று ஒருவர் சொன்னால் கைகூப்பிப் பதில் சொல்லவேண்டும். அவளுக்கும் அதே பழக்கம்தானே. முந்தானையை விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினாள்.

"ஸ்தோத்திரம் டீச்சர்."

அரிசி முழுவதும் சேற்றில் கொட்டியது. குனிந்து அள்ளிக் கொடுத்திருக்கலாம். அப்போது பார்த்துத்தான் எனக்கு வழக்கம் நினைவுக்கு வந்தது. எதையும் பார்க்காதவள் மாதிரி குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன். திரும்பிப் பார்க்காமல் வந்ததை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு டின் குறையவில்லை. மூன்றாவது ஞாயிறு பாஸ்டர் சந்தோஷமாகச் சொன்னார்: "நம்ம சபையில குறைவுள்ளவங்க யாருமே இல்லீங்க." எல்லாரும் ஆமென் சொன்னோம். எஸ்தர் அக்காவும் சொன்னாள். அன்றைக்கும் அவள் தன் பிடியைக் கொண்டுவந்து கொட்டினாள். அதைப் பார்த்து, எங்கேயோ வேலை கிடைத்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதே கேள்வி, அதே பதில். அவள் அடுப்பில் புகை எழவில்லை என்று எனக்குத் தெரியும். மழை, விறகு நனைந்திருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். யார் எடை குறைந்தார்கள் என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அந்த வாரமே, தன் வீட்டு வாசலில் விழுந்து கிடந்தவளை ஷேர் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நர்ஸ் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எத்தினி நாளா இவங்க சரியா சாப்புடல?"

"தெரியலீங்க" என்றேன். இரண்டு சுவருக்கு நடுவே ஒரு வேலி, அவ்வளவுதான் தூரம். காய்ச்சலும் சேர்ந்திருந்தது. மறுநாள் போய்விட்டாள். சாவுச் சீட்டில் காய்ச்சல் என்றுதான் எழுதினார்கள்.

அடக்கத்துக்குப் புடவை எடுக்க அவள் வீட்டுக்குள் போனேன். பானைகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் ஒரு பிடி அரிசி இருந்தது, மேலே ஒரு வேப்பிலை. அந்த வீட்டில் இருந்த அரிசி அவ்வளவுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்துவைத்திருக்கிறாள். அதை நான் டின்னில் கொண்டுபோய்க் கொட்டவில்லை. என்ன செய்தேன் என்பதும் நினைவில் இல்லை.

இப்போது அந்த ஜெபவீடு இருந்த இடத்தில் மாடி வைத்த சபை. டின் கிடையாது. உதவி தருபவர் பெயரையும் வாங்குபவர் பெயரையும் மைக்கில் வாசித்து போட்டோ எடுக்கிறார்கள். பழைய ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்க எனக்கு யோக்கியதை இல்லை. பெயரை வாசித்தாவது யாரோ சாப்பிடுகிறார்கள்.

இங்கே டவுன் சபையில் யாராவது ஸ்தோத்திரம் என்றால் நான் கையை மட்டும் கூப்புகிறேன். அந்த வார்த்தை என் வாயை விட்டுப் போய் வெகுநாளாகிறது. ஜெபத்திலும் வருவதில்லை, முழங்கால் போட்டு வெறுமனே இருந்துவிட்டு எழுந்துவிடுகிறேன். "டீச்சர் ரொம்ப அமைதிங்க, இருக்கிற எடமே தெரியாது" என்று என் காதுபடவே புகழ்கிறார்கள்.