கிளட்ச் சுவிட்ச்

என் மச்சினன் பதினெட்டு வருஷம் வண்டிகளுக்கு வயரிங் பார்த்தவன். எந்நேரமும் கழுத்தில் ஒரு டெஸ்ட் பல்பு தொங்கும். அதனால் எல்லோருக்கும் அவன் 'பல்பு'. இப்போது என் பட்டறையில் கழற்றிப் போட்ட மோட்டார்களைத் துடைக்கிறான், அவ்வளவுதான். வண்டி மேல் கை வைக்கச் சொன்னால் எழுந்து போய்விடுவான்.

போன அறுவடை மும்முரத்தில் ஒரு வீட்டு டிராக்டர் மக்கர் பண்ணியது. சாவியைத் திருப்பினால் ஒரு 'டக்' கூட இல்லை. இவன் பேட்டரியில் ஆரம்பித்து, பல்பை ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தான். கிளட்ச் சுவிட்ச் வரைக்கும் கரண்ட் வருகிறது. கிளட்சை மிதித்தாலும் அதைத் தாண்டவில்லை. மிதித்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்ற வேண்டும், அதற்குத்தான் அந்தச் சுவிட்ச். புதுசு கையில் இல்லை. இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றினான். வண்டி உறுமியது. எங்கள் தொழிலில் இதைச் செய்யாதவன் கிடையாது. நானும் செய்திருக்கிறேன். ரெண்டு நாளில் மாட்டிவிடலாம் என்று யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டான். சுவிட்ச் மறுநாளே வந்தது. அவன் பையிலேயே கிடந்தது.

ஒன்பதாம் நாள் அந்த வீட்டுப் பெரியவர் தரையில் நின்றபடியே எட்டிச் சாவியைத் திருப்பியிருக்கிறார். வண்டி கியரில் இருந்தது. பின்சக்கரம் அவர் மேல் ஏறி, அங்கேயே உயிர் போய்விட்டது.

சேதி வந்ததுமே இவனுக்கு விளங்கிவிட்டது. "மாமா, நான் போட்ட முடிச்சு" என்றான். வாயைப் பொத்திக்கொண்டு இருடா என்றேன்.

கடைசியாக ஓட்டியவர் பெரியவரின் மருமகன். கியரில் விட்டுவிட்டு இறங்கியவர் என்று பழி முழுக்க அவர் தலையில் விழுந்தது. "மிதிக்காம ஸ்டார்ட்டே ஆகாதுங்க" என்று கெஞ்சியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெண்டாட்டிகூட முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் பார்த்துச் சொல்லச் சொல்லி எங்களைக் கூப்பிட்டார்கள்.

டிராக்டருக்கு அடியில் தலையை விட்டவன் வெளியே எடுக்கவில்லை. நான் குனிந்து, "அந்த முடிச்ச வெட்டி எறிஞ்சிட்டு வாடா. ஒரு பய கண்டுபிடிக்க மாட்டான்" என்றேன்.

பெரியவரின் மூத்த மகன் கத்தினார்: "என்ன பல்பு, உள்ளயே குடித்தனம் பண்றியா? எங்க மாப்பிள்ளை துரை சொல்றது நெசமா, புளுகா?"

இவன் எழுந்தான். "நெசந்தாங்க. மிதிக்காம ஸ்டார்ட் ஆகக் கூடாத வண்டி. ஆக வெச்சது நான்."

மூத்தவர் சட்டையைப் பிடித்து உலுக்கினார். பல்பு வயர் அறுந்து விழுந்தது.

"அடிங்க. அதுக்கு முந்தி இத மாட்டிடறேன்" என்று பையிலிருந்து சுவிட்சை எடுத்தான். அவர் கை தானாக விட்டது.

மாட்டி முடித்து, கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு மருமகனைக் கூப்பிட்டான். "மிதிக்காம ஒரு தடவ திருப்பிப் பாருங்க."

அவர் பெரியவர் நின்ற இடத்திலேயே நின்று சாவியைத் திருப்பினார். சத்தமில்லை. மறுபடி திருப்பினார். மறுபடியும். வாசலில் அவர் பெண்டாட்டி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"போதும், விடுங்க" என்றேன்.

அவர் விடவில்லை.