பூந்தொட்டிக்குப் பாடியவர்

"என் குரலை இறக்கிப் பாடச் சொல்ல இந்தப் பூமியில ஒருத்தன் பொறக்கல. இனிமே பொறந்தாலும் அவன் அழுகைச் சத்தம் என் பாட்டுல அமுங்கிடும்!"

ஊரெல்லாம் 'இடி' என்று அழைத்த நாடகக் கம்பெனி முதலாளி, பேசும் படத்தில் நடிக்க ஒப்புக்கொண்ட அன்று இப்படிப் பிரகடனம் செய்தார். மேடைக் குடும்பம் ஒன்று பாடிக்கொண்டே சண்டை போட்டு, பாடிக்கொண்டே சேர்கிற கதை. நிஜமாகவே சண்டை போடும் குடும்பம் கையில் கிடைக்கும்போது நடிகர்கள் எதற்கு என்று படக் கம்பெனி கணக்குப் போட்டது. இடி கணவனாக நடித்தார்; மனைவி மனைவியாக; மனைவியின் தம்பி மைத்துனனாக. மைத்துனனுக்கு மட்டும் கொஞ்சம் நடிக்க வேண்டியிருந்தது. கதையில் அவன் உழைப்பாளி.

மைக்கை ஒரு பூந்தொட்டிக்குள் ஒளித்திருந்தார்கள். இடியோ ஆயுள் முழுக்கக் கடைசி பெஞ்சுக்குப் பாடியவர். இங்கே பெஞ்சே இல்லை என்பதால் எதிர்ச்சுவருக்குப் பாடினார். கண்ணாடி அறையிலிருந்து சவுண்டுக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐயா, தொட்டி பக்கத்துலதான் இருக்கு. பக்கத்து ஊருக்கா பாடுறீங்க?"

"உங்க மெஷினுக்குத் தெம்பு இல்லேன்னா டானிக் குடுங்க!"

சத்தம் பதிவாகிவிடும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். விளக்குகளின் வெக்கையில் ஒட்டு மீசை உதட்டைவிட்டு நகர்ந்து வந்தது. இடி உட்கார்ந்தார், எழுந்தார், கொட்டகையைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தார், தொட்டியை முறைத்தார். மறுபடி பாடினார். மறுபடி சவுண்டுக்காரர் ஓடி வந்தார்.

கடைசியில் டைரக்டர் பக்குவமாக ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ஜோடிப் பாட்டுல அம்மா குரல் மைக்குல விழவே மாட்டேங்குது. இன்னொரு தடவை பார்ப்போம். அப்பவும் விழலேன்னா வேற பொண்ணைப் போடச் சொல்லிட்டாங்க கம்பெனியில."

இடி மனைவியிடம் திரும்பினார். "ஏண்டி, நீ பாடுறியா இல்லியா?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து பாடிக்கிட்டுதான் இருக்கேன். நீங்க மூச்சு வாங்குறப்போ கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்போதான் மச்சான், நானே அக்கா பாட்டைக் கேட்டேன்" என்றான் மைத்துனன், ஒரு தூணுக்குப் பின்னால் பத்திரமாக நின்றுகொண்டு.

டைரக்டர் பதிவைப் போட்டுக் காட்டச் சொன்னார். கொட்டகை முழுக்க இடி. அவர் பெருமையாக மீசையை அழுத்தி ஒட்டிக்கொண்டார். அடி முடிந்து அவர் மூச்சு வாங்கிய இடத்தில் ஒரு குரல் எட்டிப் பார்த்தது. அடுத்த அடியில் அமுங்கியது. அடுத்த மூச்சில் மறுபடி எட்டிப் பார்த்தது.

"இது யாரு?" என்றார் இடி.

மனைவி கழுத்து வேர்வையை ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு வாட்டி போடுங்க."

இந்த முறை அவர் தன் பாட்டைக் கேட்கவில்லை. தன் மூச்சு எப்போது வருமென்று காத்திருந்தார்.

மறுபடி பதிவு. சிவப்பு விளக்கு எரிந்தது. இடி தொட்டியைவிட்டுத் தள்ளி, மனைவியின் தோளுக்குப் பின்னால் போய் நின்றார். அவள் முதல் அடியை எடுத்தாள். அவர் அடியொற்றி மெல்லச் சேர்ந்துகொண்டார். சவுண்டுக்காரர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, 'இன்னும் கொஞ்சம் ஏத்துங்க' என்று கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்.

இடி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.