தாடிக்குள் இருந்த தாடை

பதினாறு வருஷமாகக் கொல்லயில், செங்கல் என்ற இரண்டு ஊர்களுக்கு இடையே பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் ரயில்வே கேட்டில் காத்து நிற்கையில் உறங்கிவிட்டேன். கேட் திறந்து பின்னால் ஹார்ன் முழங்கியபோது, பஸ்ஸில் கூட வரும் ஆயா தோளைத் தட்டினார்.

"அண்ணே, உறங்கினியளா?"

பின்னால் நாற்பது பிள்ளைகள். அங்கேயே இன்னொரு டிரைவரை வரவழைத்துச் சாவியைக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை, நானே கொடுத்தேன். குணமாகாவிட்டால் இனி அந்தச் சாவி எனக்கு இல்லை.

நெய்யாற்றின்கரை டாக்டர் ஒரு ராத்திரி முழுக்க வயர்களை ஒட்டிச் சோதித்தார். உறக்கத்தில் என் மூச்சு அடிக்கடி நின்று நின்று வருகிறதாம். கழுத்தில் கொழுப்பு ஏறியிருக்கிறது, எடையைக் குறை என்றார். ஆறு மாசத்தில் பதினொரு கிலோ குறைத்தேன். மரச்சீனிக் கிழங்கைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. மறுபடி சோதித்தால், மூச்சு நிற்பது குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இனி எதைக் குறைக்க? எலும்பையா?"

டாக்டர் சிரித்துக்கொண்டே என் தாடியை விலக்கித் தடவிப் பார்த்தார். "எலும்புதான் காரியம். கீழ்த்தாடை உள்ளே தள்ளி இருக்கு. உறங்கும்போது நாக்கு பின்னால சரிஞ்சு மூச்சை அடைக்குது. கொழுப்பு பாதி, இது பாதி."

ராத்திரி காற்றை ஊதும் மெஷினின் மாஸ்க்கை மூக்கில் மாட்ட வேண்டும், காற்று கசியாமலிருக்கத் தாடியை எடுக்க வேண்டும் என்றார். இருபது வயதில், 'தாடையில்லாதவன்' என்ற கேலிக்குப் பயந்து வளர்த்த தாடி அது. கட்டிய மனைவிக்கே என் முகம் முழுசாகத் தெரியாது.

சவரம் செய்து வந்து நின்றேன். அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இதயாக்கும் இவ்வளவு காலம் பொத்தி வச்சிருந்தது? நல்ல சேலா, அழகாத்தானே இருக்கு!"

வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

மாஸ்க் போட்டு உறங்கத் தொடங்கி இரண்டு மாசத்தில், இனி வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். சாவி கைக்கு வந்தது. முதல் நாள் ஒரு சின்னப் பெண் படியில் நின்று, "பழைய டிரைவர் மாமன் எங்க?" என்று கேட்டாள். முகவாயைத் தூக்கிக் காட்டி, "நான்தான் மக்கா, ஏறு" என்றேன்.

அன்று சாயங்காலமும் கேட் அடைத்திருந்தது. ரயில் போனது, கேட் திறந்தது. முன்னால் நின்ற கார் அசையவில்லை.

ஹார்ன் அடித்தேன்.