பெண் பார்க்க வந்தவர்களுக்கு ஸ்ட்ராபெரி

எழுபதுகளின் கடைசியில், ஈப்போவிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்காக அப்பா எங்கள் மலையிலேயே இருக்கும் கியா பார்ம் கடையில் ஸ்ட்ராபெரி வாங்கி வந்திருந்தார். தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பெருமையாக எடுத்து வைக்க வேறென்ன இருந்தது? நான் தட்டை நீட்டினேன். கடித்தவர்கள் புளிப்பில் முகத்தைச் சுளித்தார்கள். அப்பா விடவில்லை. கடைக்காரர் சொன்னதையெல்லாம் அப்படியே ஒப்பித்தார்.

“புளிப்புதாங்க, ஆனா உடம்புக்கு ரொம்ப நல்லது. ரத்தம் ஊறும். தோலு பளபளன்னு ஆயிரும்.”

மாப்பிள்ளையின் அம்மா என் கறுத்த முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

“இங்கதானே விளையுது. பொண்ணுக்குக் குடுக்கறதில்லையா?”

அப்பா சிரித்து வைத்தார். அந்தப் பழம் எங்கள் வீட்டுக்குள் வந்ததே அன்றுதான்.

அவர்கள் போனதும், தட்டில் மிஞ்சியதை அம்மா நசுக்கி என் முகத்தில் பூசினாள். நானும் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டினேன்.