ஏலக்காரி கூவிய வலி

“ஒன்பது!” என்று இன்ஷிராஹ் குரல் கொடுத்தால் மருத்துவமனையின் மூன்றாம் மாடி முழுக்கக் கேட்கும். செவிலி அபீர் உள்ளே வந்து, “வலி பத்துக்கு எவ்வளவு இருக்கு?” என்று கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். கேள்வி என்னவோ கட்டிலில் கிடக்கும் கணவருக்குத்தான்.

கணவர் ரயிஸ் மஹ்ரூஸ். ரயிஸ் என்றால் படகுத் தலைவர். சொந்தப் படகு, ஏழு ஆள், அலெக்சாந்திரியாவின் அன்ஃபூஷி மீன்பிடித் துறையில் நல்ல பெயர். முந்தாநாள் அவர் குடலில் ஒரு துண்டை வெட்டியெடுத்து வயிற்றை நெடுகத் தைத்திருக்கிறார்கள். அவரிடம் எப்போது கேட்டாலும் ஒரே பதில்: “அல்ஹம்துலில்லாஹ், ஒண்ணுமில்லம்மா. ரெண்டுன்னு போட்டுக்கோ.” வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால், உயிரைத் திருப்பிக் கொடுத்த இறைவனுக்கு நன்றி கெட்டவனாகிவிடுவோம் என்பது அவர் எண்ணம். போதாததற்குப் படகு ஆட்கள் மூன்று பேர், ஆளுக்கொரு கொய்யாச்சாற்றுப் பெட்டியோடு சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் ரயிஸ் முனகுவதா?

அபீர் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பாள். தாளில் இரண்டு என்றே எழுதுவாள். இரண்டுக்கு ஒரு சாதா மாத்திரைதான் கிடைக்கும்.

இன்ஷிராஹ் துறையில் மீன் ஏலம் கூறுபவள். இருபத்தாறு வருஷமாகக் கவிழ்த்த பெட்டி மேல் ஏறி நின்று கூவுகிறாள். வாங்க வருகிறவன் வாயைத் திறக்க மாட்டான். ஒருவன் புருவத்தைத் தூக்குவான், ஒருவன் கையிலுள்ள தஸ்பீஹ் மாலையில் ஒரு மணியைத் தள்ளுவான், இன்னொருவன் கடலைப் பார்த்துக்கொண்டே தொண்டையைச் செருமுவான். அத்தனையும் அவள் கண்ணில் விழுந்துவிடும். அந்தக் கண் இப்போது கணவரின் கால் கட்டைவிரலை விட்டு நகர்வதில்லை. “வாய் என்ன வேணா சொல்லும். அந்தக் கட்டைவெரலப் பாரு மகளே, எப்படி உள்ள மடங்குது!” மடங்கத்தான் செய்கிறது. ஆனால் ஏலக்காரிக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஆறு பெறும் கூடையை ஆறு என்று அவள் தொடங்கியதே இல்லை. ஒன்பதில் தொடங்கி, மனசில்லாத மாதிரி இறங்கி வருவாள். முதல் நாள், ஊசி மயக்கத்தில் மனுஷன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோதும் ஒன்பது என்றுதான் கூவினாள். அத்தோடு அபீருக்கு அவள் பேச்சில் இருந்த நம்பிக்கை போய்விட்டது.

மற்றபடி சும்மா இருக்கிற பெண்பிள்ளை இல்லை. சொட்டு மருந்து பாட்டிலைப் பார்த்து, “சீக்கிரம் எறங்குடி, என்ன மணப்பொண்ணு மாதிரி அசைஞ்சு அசைஞ்சு வர்ற?” என்று விரட்டுவாள். பக்கத்துக் கட்டில்காரருக்குத் தலையணை தட்டிக் கொடுப்பாள். உட்கார மட்டும் மாட்டாள்.

இன்று காலை ரயிஸின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்ட டாக்டர் முகம் சுளித்தார். “நுரையீரல் அடியில சளி கட்டுது. சாயங்காலத்துக்குள்ள நல்லா இருமித் துப்பி, எழுந்து நடக்கணும். இல்லன்னா நிமோனியாதான். நாப்பது வருஷம் புகை குடிச்ச நெஞ்சு, இன்னொரு அடியைத் தாங்காது.” இருமினால் தையல் பிய்ந்துபோகிற மாதிரி வலி. அதனால் ரயிஸ் இருமலை விழுங்கிக்கொண்டே கிடந்தார். ஒவ்வொரு விழுங்கலையும் இன்ஷிராஹ் எண்ணிக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு அபீர் வந்தாள். “ரெண்டு” என்றார் ரயிஸ். ஆட்கள் பெருமையாகத் தலையாட்டினார்கள். இன்ஷிராஹ் வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு அன்ஃபூஷியில் யாரும் செய்யத் துணியாத காரியத்தைச் செய்தாள்.

“ஸுப்ஹி, எந்திரி. மூணு பேரும் வெளிய போங்க.”

“ஹாஜ்ஜா, நோயாளிய பாக்க வந்தவங்கள யாராவது...”

“பாத்தாச்சுல்ல? கெளம்பு! ஜூஸையும் தூக்கிட்டுப் போ!”

திரையை இழுத்து விட்டாள். ரயிஸ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். “என்னைய அசிங்கப்படுத்திட்டியேடி.”

“ஆமா, படுத்திட்டேன். உசுரோட இருந்து என்னைய திட்டு.” அவள் அபீரின் கையைப் பிடித்துக்கொண்டாள். வார்டு முதல் முறையாக அவளுடைய தணிந்த குரலைக் கேட்டது. “மகளே, ஒன்பதுன்னு கத்துனது பொய்தான். சும்மா கெடக்கையில ஆறு. இருமினா எட்டு. இதுக்கு மேலயும் இல்ல, கீழயும் இல்ல.”

அபீர் பேனாவைத் தூக்கியபடி நின்றாள். சுவரைப் பார்த்தபடியே ரயிஸ் பேசினார்.

“எட்டில்ல.”

இன்ஷிராஹ் அவர் பக்கம் திரும்பினாள்.

“இருமினா ஒன்பது” என்றார். சொன்னதும் அவர் கண்ணோரம் நனைந்தது.

அப்புறம் எல்லாம் தடதடவென்று நடந்தது. அபீர் ஓடினாள், டாக்டர் வந்தார், வலுவான மருந்து நரம்பில் ஏறியது. கட்டைவிரல் மெல்ல விரிந்தது. இன்ஷிராஹ் ஒரு தலையணையை அவர் வயிற்றில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தாள். “இருமு யா ரயிஸ்! பூனை மாதிரி இருமாத! வலைய இழுக்கற மாதிரி இழு! இன்னும்! இன்னும்!” நாலாவது இருமலில் கிண்ணத்தில் கெட்டியாக வந்து விழுந்தது சளி. “வந்துருச்சு! ஐயோ வந்துருச்சு!” என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் கைதட்டினார். யாருக்காவது சளியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷம் வருமா? அவளுக்கு வந்தது, கிண்ணத்தை வார்டு முழுக்கக் காட்டினாள்.

நடைச்சட்டத்தைப் பிடித்து ரயிஸ் எழுந்தார். கூடவே கிளம்பியவளை அபீர் தடுத்தாள். “நீங்க இங்கயே இருங்கம்மா. உங்க சத்தத்துல அவருக்குக் கால் தடுமாறும்.”

தாழ்வாரக் கோடிவரை போய்த் திரும்பினார். வெளியே நின்ற ஆட்கள் ஒவ்வொரு அடிக்கும் ‘மாஷா அல்லாஹ்’ சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார்கள். திரையை விலக்கியபோது கட்டில் காலியாக இல்லை. இன்ஷிராஹ் தலையணையைக் கட்டிக்கொண்டு, வாய் திறந்தபடி, செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“ரயிஸ் நடந்துட்டாரு...” என்று ஸுப்ஹி ஆரம்பித்தான். மஹ்ரூஸ் உதட்டில் விரலை வைத்து அவனை அடக்கினார். கட்டிலோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கண்ணால் காட்டினார். அபீரின் தோளைப் பற்றி, “வலிக்குதும்மா, மெதுவா” என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிக்கொண்டே அதில் உட்கார்ந்தார்.