கார் புத்தகங்களுக்குப் பின்னால்

பதினாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை வீட்டில் தனியே விட்டால் இந்த நாட்டில் பொலிஸ் பிடிக்கும் என்று கோயிலில் யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். அதோடு விசாவும் போகும் என்பதை அம்மா தானாகச் சேர்த்துக்கொண்டார். அப்படித்தான் பத்து வயதில் நான் மவுண்ட் ரோஸ்கில்லில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு லைப்ரரியில் குடியேறினேன்.

அம்மாவுக்கு நகரத்தின் ஒரு கோடியில், ஈஸ்ட் டாமாக்கியில் பிஸ்கட் பெட்டி அடைக்கிற வேலை. அப்பா மறுகோடியில், ஆல்பனியில் ஒரு கட்டடத்துக்குக் காவல். பள்ளிக்கூடம் மூன்று மணிக்கு விடும், அம்மாவின் கார் ஆறு மணிக்கு வரும். இடைப்பட்ட நேரத்துக்கு அம்மா சட்டம் எழுதித் தந்திருந்தார். "ஒருத்தரோடையும் கதை வைக்காதை. ஆரும் கேட்டா, அம்மா பக்கத்துக் கடைக்குப் போட்டா, இப்ப வந்திடுவா எண்டு சொல்லு."

மூன்று மணித்தியாலமாக அம்மா அந்தக் கடையில் என்ன வாங்குகிறார் என்று யாரும் கேட்கவில்லை. உண்மையில் அந்த வருடம் யாரும் என்னிடம் எதையுமே கேட்கவில்லை. நடு வருடத்தில் வந்து சேர்ந்த என்னை வகுப்பில் ஒருவரும் கவனிக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டை மெதுவாகச் சாப்பிடப் பழகினேன். சீக்கிரம் முடித்துவிட்டால் மிச்ச நேரத்துக்கு எங்கே நிற்பது என்று தெரியாது.

லைப்ரரி கார்ட் எடுக்கவும் தடை. பேரும் விலாசமும் எழுதிக் கொடுத்தால் தேடி வருவார்களாம். ஆகவே அங்கேயே இருந்து படிக்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நான் படித்த கதைகளில் எல்லாப் பெண்களுக்கும் பொன்னிற முடி, நீலக் கண். நான் பள்ளியில் எழுதிய கதைகளிலும் அப்படித்தான். என் கதாநாயகி அப்பிள் பை சாப்பிட்டாள். நான் அதை வாயில் வைத்ததுகூட இல்லை.

ஒருநாள் என் கை தட்டி ஒரு தடித்த புத்தகம் குப்புற விழுந்தது. பின்னட்டையில் என் சின்னத்தையின் மூக்கோடும் நிறத்தோடும் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் அதை எழுதியவள் என்று விளங்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. கதை விண்வெளியில் நடந்தது. விண்கலம் தரையிறங்குவதற்கு முன்னால் கலத்தின் தலைவி தன் மகளுக்குத் தலையில் எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிவிடுவாள். எண்ணெய் வைத்த தலையோடு ஒருவர் செவ்வாய் வரை போகலாம் என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை மூன்று தரம் படித்தேன்.

அதற்குப் பிறகு நான் புத்தகங்களின் முன்பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டேன். கலியாணப் பேச்சுக்கு வந்த படங்களைப் பார்க்கிற மாமியைப் போல ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பி, முகத்தைப் பார்த்து வைத்தேன். ஒரு கறுப்புப் பெண் துப்பறியும் கதை எழுதியிருந்தாள். ஒரு சமோவாத் தீவுக்காரரின் பேய்க்கதையைப் படித்துவிட்டுக் கழிவறைக்குத் தனியே போகப் பயந்தேன். இந்த நாட்டின் பூர்வகுடியான மாவோரிப் பெண் ஒருத்தி எழுதிய காதல் கதையை எனக்கு வயது காணாது என்று தெரிந்தே படித்தேன்.

கார்ட் இல்லாதவளுக்கு ஒரு பெரிய துன்பம் உண்டு. இன்று பாதியில் விட்டதை நாளைக்கு வேறு யாராவது எடுத்துப் போய்விடுவார்கள். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கார் திருத்துவது பற்றிய பழைய புத்தகங்கள் கீழ்த்தட்டில் இருந்தன. எல்லோரும் போனில் பார்த்துக் கார் திருத்தத் தொடங்கிவிட்டதால் அந்தப் பக்கம் ஒருவரும் குனிவதில்லை. அவற்றின் பின்னால் நான் அப்படித் தேடியெடுத்த ஏழு புத்தகங்களையும் பின்னட்டை முன்னால் தெரியும்படி ஒளித்து வைத்தேன். வைக்கோற்போரில் படுத்த நாய் தானும் தின்னாதாம், மாட்டையும் தின்னவிடாதாம். நான் அதைவிடக் கொஞ்சம் நல்லவள், தின்றேன்.

எனக்கு எதிரே யன்னலோரக் கதிரையில் தினமும் ஒரு பிள்ளை இருப்பாள். கறுப்புப் பிள்ளை, ஊதா முக்காடு, என்னைவிட ஒரு வயது கூட இருக்கலாம். அவளையும் யாரோ பிந்தித்தான் கூட்டிப்போவார்கள். அவளிடம் கார்ட் இருந்தது. அதில் எனக்குப் பொறாமை. எப்போதாவது எங்கள் கண்கள் சந்திக்கும். உடனே இரண்டு பேரும் குனிந்துவிடுவோம்.

ஒருநாள் அவள் லைப்ரரியில் வேலை செய்கிற பெண்ணிடம் போய் ஒரு புத்தகம் கேட்டாள். கேட்டது என் விண்கலப் புத்தகத்தை. அந்தப் பெண் கணினியைப் பார்த்தாள், எழும்பிப் போய்த் தேடினாள், வெறும் கையோடு வந்து தோளைக் குலுக்கினாள். பூனை கண்ணை மூடினால் பூலோகமே இருண்டுவிடும் என்று நினைக்குமாம். நானும் குனிந்து கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன்.

அடுத்த வாரம் என் ஒளிப்பிடத்தில் எட்டுப் புத்தகங்கள் இருந்தன. ஏழும் வைத்தது வைத்தபடி. பக்கத்தில் புதிதாக ஒன்று, அதுவும் பின்னட்டை முன்னால் தெரியும்படி, ஒரு கறுப்புக் கிழவரின் சிரித்த முகத்தோடு. யாரோ என்னைக் கவனிக்கிறார்கள். நான் தனியே இருப்பது தெரிந்துவிட்டது. பொலிஸ் வரும், விசா போகும், எல்லாம் என்னால்தான். அடுத்த நாள் ஒன்பதாவது புத்தகமும் வந்தது. நான் அந்த இரண்டையும் தொடவே இல்லை. என் ஏழையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய், பெரிய வரைபடப் புத்தகங்களின் பின்னால் ஒளித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அந்த ஊதா முக்காட்டுப் பிள்ளை கார் புத்தகங்களுக்கு முன்னால் குந்தியிருந்தாள். உள்ளே கைவிட்டுத் துழாவினாள். பிறகு எழும்பி நின்று நேரே என்னைப் பார்த்தாள். நான் சட்டென்று குனிந்துவிட்டேன். மீண்டும் நிமிர்ந்தபோது, கையில் இருந்த மூன்றாவது புத்தகத்தையும் அவள் அங்கேயே வைத்துவிட்டுத் தன் கதிரைக்குப் போயிருந்தாள்.

அன்று காரில் ஏறியதும் அம்மா வழக்கம்போலக் கேட்டார். "ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையோ?"

"நோ, அம்மா."

"ஓம், நல்ல பிள்ளை." பிஸ்கட் மணக்கும் கையால் என் தலையைத் தடவினார். பெரிய ஆபத்திலிருந்து குடும்பத்தையே காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கிறிஸ்மஸ் விடுமுறைக்குப் பிறகு யன்னலோரக் கதிரை வெறுமையாக இருந்தது. வேறு இடத்துக்குக் குடிபோயிருக்கலாம். நான் இன்னும் மூன்று வருடம் அங்கே தனியாகப் படித்தேன்.

அவள் எனக்கு வைத்த மூன்று புத்தகங்களும் என்னென்ன என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவள் கேட்டு அலைந்த விண்கலப் புத்தகம் என் ஏழில் ஒன்றாக அங்கே இருந்தது. அவள் அதைக் கண்டிருப்பாள். கார்ட் இருந்தது, எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அவள் எடுக்கவில்லை. பக்கத்தில் ஒன்றை வைத்துவிட்டு, நான் நிமிர்ந்து பார்ப்பேன் என்று காத்திருந்தாள்.