ஒழுகாத லயம்

இன்றைக்குப் போனது நான், வீட்டுக்காரர், மகள், மாமியார் என்று நாலு பேர். கல்யாணமான புதிதில் நான் ஆசை ஆசையாய் ராட்டினம் சுற்றிய அதே கொழும்புப் பூங்கா.

ராட்டினத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் ‘மலையக அனுபவம்’ என்று, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற வரிசை வீடு மாதிரி ஒரு லயத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள். நமுனுகுல தோட்டத்து லயத்திலிருந்து வந்து, டிக்கெட் எடுத்து லயம் பார்த்த ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம்!

உள்ளே நுழைந்ததும் மழை கொட்டியது. மாமியார் பழக்கதோஷத்தில் பேத்தியை ஓரமாக இழுத்துக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை.

“நிஜ லயம் மாதிரியே செஞ்சிருக்கோம் அம்மா,” என்றார் சுற்றிக் காட்டிய தம்பி.

“அப்ப எங்க தம்பி ஒழுகுது?” என்று மாமியார் கேட்டார்.

“ஒழுகாதும்மா, எல்லாம் புதுத் தகரம்.”

“அப்பாயி, நம்ம இங்கேயே இருந்திருவோமா?” என்று பாட்டியைக் கேட்டாள் மகள்.

தம்பிக்குச் சிரிப்பு. “இதுல யாரும் குடியிருக்க ஏலாது பாப்பா. பார்க்க மட்டுந்தான்.”

பார்க்கிற லயத்துக்குப் புதுத் தகரம், படுக்கிற லயத்துக்கு வாளி. முருகா, இது என்ன நியாயமோ!

கூரையை மாத்தித் தாங்க என்று தோட்டத்து ஆபீசில் கேட்டுக் கேட்டு எங்களுக்கு வாய் வலித்துவிட்டது. அந்தப் பூங்காவில் கூரை போட்ட ஆள் யாரென்று தெரிந்தவர்கள் தயவுசெய்து இன்றைக்கே பதில் போடுங்கள்.